பௌசியாவின் கலியாணப் படம்

12.2.1983, சனி

இன்று பேத்தி பௌசியாவின் கலியாணம். படம் பிடிக்க வந்தவரை என் புருஷனின் தங்கை சுலைகா வாசலிலேயே மறித்தாள்.

“பொண்ணுட அறைக்குள்ள ஆம்பிள வரப்படா!”

என் மகளின் கலியாணத்திலும் இவள் இப்படித்தான் மறித்தாள். மகளின் மணக்கோலம் ஒரு படத்திலும் இல்லை. நான் மறக்கவில்லை.

கமராவை நானே கையில் வாங்கினேன். அமத்தும் இடத்தை அவர் வெளியில் நின்று காட்டித் தந்தார். பௌசியா வழக்கப்படி குனிந்தே இருந்தாள்.

“நிமிரு புள்ள. குனிஞ்சா படத்தில நெத்திச்சுட்டி மட்டுந்தான் விழும்.”

“சிரிக்கலாமா உம்மம்மா?”

“ஓம், சிரி. அழுதா மை கரையும்.”

சுலைகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தள்ளு கா மச்சி, வெளிச்சத்த மறைக்காத!”

அமத்தினேன். பளிச்சென்றது.

படம் வர ஒரு கிழமையாகும். தெளிவாக வரும், இன்ஷா அல்லாஹ். வீட்டுக்குள் சுலைகா நுழைந்ததும் கண்ணில் படும்படி, அதை மாட்டச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.