கூடையை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவன்

என் வீட்டுக்காரிக்கு, நலம்தானே? விரல் புண் ஆறியதா?

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் கடலில் விழுந்த வருஷம், கூலி உயர்த்தக் கேட்டு நீங்கள் ஆறு பெண்களும் இறால் உரிக்காமல் ஷெட்டில் உட்கார்ந்தீர்களே. "ஊட்டுக்கு ஊடு கூடையைக் குடுங்க மொதலாளி. ஷெட் வாடகை, தண்ணி, வெளக்கு எல்லாம் மிச்சம். ஒண்ணா கூடவும் மாட்டாங்க" என்று சொன்னவன் நான்தான். அதற்குப் பரிசுதான் முதலாளியின் சென்னை வீட்டில் இந்த வாட்ச்மேன் வேலை. "இன்னாயா, ஊடெல்லாம் கவுச்சி" என்று நீ திட்டியபோதும் அது என் யோசனை என்பதை மறைத்தேன்.

நேற்று முதலாளி வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "கெழவன் ரோசனைதான், இத்தினி வருசமா எனக்கு ஒரு செங்கல் செலவில்ல" என்று சிரித்தார். குமாஸ்தாவை வைத்து இதை எழுதவே கூசுகிறது.

பழைய போர்வையை ஆரம்பாக்கம் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. மன்னிப்புக் கேட்க அந்த ஆறு பேரில் இன்று உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், லோகாம்பாள்.