மூச்சுக் கட்டத்தில் பதினெட்டு

மார்ச் 3, திங்கள்

பாப்பா தூங்கிவிட்டாள். பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இன்று மூன்றாவது வாரம் தொடங்கியது. என் பொறுப்பில் பத்துப் படுக்கை. காலை பத்து மணிச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் டெம்பரேச்சர், நாடி, பிரஷர், மூச்சு என்று நான்கும் பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். மற்ற மாணவிகள் அரை மணியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

“அக்கா, நீங்க எண்ணுறீங்களா, இல்ல தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறீங்களா?” என்று கேட்கிறாள் பட்டாசு. வாய் ஓயாதவள், அதனால் அந்தப் பெயர். வகுப்பில் எல்லோரும் என்னைவிட ஐந்து வயது சின்னவர்கள். பிரசவத்துக்காகப் படிப்பை நிறுத்தி, திரும்பி வந்து, இப்போது எல்லோருக்கும் அக்கா.

ஆறு வார முடிவில் டியூட்டர் மேடம் என் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மே மாதம் இறுதித் தேர்வு. போடாவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

மார்ச் 9, ஞாயிறு

மதியம் வீட்டுக்காரர் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தார். “இருங்க, உங்க மூச்ச எண்ணிப் பழகிக்கறேன்” என்றேன். அவ்வளவுதான். மனிதர் உலைத்துருத்தி மாதிரி ஊத ஆரம்பித்துவிட்டார். நான் முறைத்தால் அடக்கிக்கொள்கிறார். முகம் சிவந்துவிட்டது.

“ஏன் இப்படிப் பண்றீங்க?”

“நீ எண்ணுறேன்னு சொன்னதும் எனக்கு மூச்சு விடவே மறந்துபோச்சு.”

அதனால்தான் சொல்லிவிட்டு எண்ணக் கூடாது என்கிறார் மேடம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்புக்கு நகர்த்த வேண்டும். முழு நிமிடம். சாயங்காலம் சும்மா பேசிக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன். “என்ன, திடீர்னு பாசம்?” என்றார். எண்ணினேன். பதினாறு. அதற்குள் பாப்பா வந்து அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

மேடத்தின் இடைக்கால மதிப்பீடு. “உன் வேலை எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நீ சரியா முடிக்கறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுவார்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ‘வேகம்’ என்ற இடத்தில் ‘போதாது’ என்று எழுதியிருக்கிறார்.

மார்ச் 12, புதன்

சுற்று தாமதம், அதனால் குறிப்பு எழுதுவது தாமதம், அதனால் பஸ்ஸும் போய்விட்டது. பாப்பாவின் காப்பகத்துக்கு நாலு இருபதுக்குப் போனேன். மற்றக் குழந்தைகள் எல்லோரும் போய்விட்டார்கள். பாப்பா வாசல்படியில், இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

காப்பகத்து அம்மா: “நாலுன்னா நாலும்மா. எனக்கும் வீடு வாசல் இருக்குல்ல? இது மூணாவது தடவை. இப்படியே போனா வேற இடம் பாத்துக்கங்க.”

வழியெல்லாம் பாப்பா என் விரலை விடவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று சார்ட்டுகளைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். மூச்சுக் கட்டத்தில் பதினெட்டு, பதினெட்டு, இருபது, பதினெட்டு. வார்டு முழுக்க இப்படியே.

பட்டாசிடம் கேட்டேன். “மூச்ச யாருக்கா எண்ணிக்கிட்டிருப்பா? ஆளப் பாத்தாலே தெரியுதே. படுத்திருக்காரு, பேசறாரு, பதினெட்டு. பிரஷருக்கு மிஷின் இருக்கு, ஜுரத்துக்கு மிஷின் இருக்கு. இதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால பதினெட்டு.”

“எல்லாரும் அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்துல மூச்சு விடறாங்களா?”

“ஐயோ அக்கா, அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாது. முதல்ல ரவுண்ட முடிங்க, தாளத்த அப்புறம் பாக்கலாம்.”

மார்ச் 17, திங்கள்

ஏழாம் படுக்கைக்கு ஒரு தையல்காரர் வந்திருக்கிறார். சனிக்கிழமை வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். அறுபது வயதிருக்கும். பிரஷர் பட்டையைச் சுற்றும்போது என் யூனிஃபார்மையே உற்றுப் பார்த்தார்.

“வலது தோள் இறங்கியிருக்கும்மா. எவன் தச்சான்?”

“நான்தான் ஐயா.”

“அப்ப நல்லாத்தான் இருக்கு.”

சிரித்ததில் வயிற்றுத் தையல் வலித்து, அதற்கும் என்னையே திட்டினார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று எண்ணவில்லை. பத்துப் பேருக்கும் சும்மா எழுதினேன். எட்டுப் பேருக்குப் பதினெட்டு, இரண்டு பேருக்கு இருபது. நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே!

முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே காப்பகத்தில் இருந்தேன். பாப்பா ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை.

மார்ச் 19, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

இன்றும் பதினெட்டு எழுதினேன். ஏழாம் படுக்கையில் தையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேச்சு இல்லை. அப்பாடா, இன்றைக்குப் பிடித்து நிறுத்திவைக்க மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேனே! பேசுகிற மனிதர் பேசவில்லை என்றால் அது என்ன என்று எனக்குத் தோன்ற வேண்டாமா?

இரண்டு மணிக்கு டியூட்டி நர்ஸ் எண்ணியபோது முப்பத்திரண்டு. உதடு வெளுத்திருந்தது. டாக்டர் ஓடி வந்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. ஆக்சிஜன் வைத்து, நர்ஸ் மேசைக்குப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றினார்கள். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார்: “பத்து மணிக்குப் பதினெட்டுன்னு இருக்கே. நாலு மணி நேரத்துல இப்படி ஏறிடுச்சா?”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அந்தப் பதினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அவருக்கு எத்தனை இருந்தது? இனிமேல் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான்தான் பக்கத்தில் நின்றேன், நான்தான் கையைப் பிடித்தேன், எனக்கே தெரியாது.

சொன்னால் கையெழுத்து போச்சு. சொல்லாவிட்டால் — சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்குகிற வேலை, அறிவுரை சொல்ல நேரமிருக்காது.

“சொல்லப் போறியா?”

“தெரியல.”

“நீ தெரியலன்னு சொன்னா முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். பாப்பாவ இன்னைக்கு நான் கூட்டிட்டு வரேன். நீ நிதானமா வா.”

வார்டு சிஸ்டரின் மேசைக்கு எதிரே மேடம் உட்கார்ந்திருந்தார். இருவரிடமும் சேர்த்தே சொன்னேன்.

மேடம் கேட்டது ஒன்றுதான். “எத்தனை பேருக்கு?”

“பத்துப் பேருக்கும் மேடம். ரெண்டு நாள்.”

“வேற யாரெல்லாம் இப்படிப் பண்றாங்க?”

“நான் பண்ணினதச் சொல்லத்தான் வந்தேன் மேடம்.”

சிஸ்டர் சார்ட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். தவறை அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒரே கோடு. அடியில் இருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் ‘எண்ணப்படவில்லை’ என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. இருபது கட்டம். இருபது தடவை என் பெயரை எழுதினேன். தையல்காரரின் சார்ட்டை டாக்டர் வந்து பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். போய்விட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி எனக்குக் கையெழுத்து கிடையாது. தேர்வு விடுமுறையில் இதே வார்டில் இன்னும் இரண்டு வாரம். “அதுக்கப்புறம் போடறதா வேண்டாமான்னு பாக்கலாம்” என்றார் மேடம். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இருந்தாலும் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

தையல்காரருக்கு ஜுரம் இறங்கிவிட்டது. மாஸ்கைக் கழற்றி மூக்குக் குழாய் மட்டும் வைத்திருக்கிறார்கள். அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

“அன்னைக்குக் காலைல உங்க மூச்ச நான் எண்ணவே இல்ல ஐயா. எண்ணின மாதிரி எழுதிட்டேன்.”

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். “நானும் மூச்சு முட்டுதுன்னு சொல்லலையே. வாய் வரைக்கும் வந்துது. நீ அவசரமா இருந்த. பொண்ணு வீட்டுக்குப் போகணும்போல, எதுக்குப் பிடிச்சு வைக்கணும்னு விட்டுட்டேன்.”

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டேன்.

“சரி சரி, மூஞ்சியத் தொடச்சுக்க. இப்பவாவது எண்ணு. நான் பேச மாட்டேன்.” பேசினார். மூன்று தடவை முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. இருபத்திரண்டு.

மார்ச் 26, புதன்

நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் சிஸ்டர் போய்த் திரும்ப எண்ணுகிறார். என் கண்ணெதிரேயே. பத்துப் படுக்கைக்கும். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிற்கிறேன். நானாக வாங்கிக்கொண்டது.

பட்டாசு நாலு நாளாகப் பேசவில்லை. இன்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் மேசையில் போட்டாள். “உங்களால எல்லாரும் எண்ண வேண்டியதாப் போச்சு. டீ ஆறிப்போகுது. சாப்பிடுங்க.”

மார்ச் 29, சனி

எல்லோருக்கும் கையெழுத்து ஆயிற்று. படம் எடுத்துக்கொண்டார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தனியாக வேலை செய்வது இத்தனை அமைதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வதே வெட்கம்! தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு, அது ‘பீப்’ என்று கத்தும்வரை நான் சும்மா நிற்பேன், எண்ணைத் தவறவிடக் கூடாதே என்ற பயத்தில் அதையே முறைத்துக்கொண்டு. ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடித்து மூச்சை எண்ணினால் என்ன? எண்ணினேன். தெர்மாமீட்டர் கத்தினாலும் எண் எங்கும் ஓடிவிடவில்லை. பத்துப் பேருக்கும் நாற்பது நிமிடம்.

நிதானமாக நின்றிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். பயந்த கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை.

தையல்காரர் நேற்று நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஏப்ரல் 5, சனி

பாப்பாவுக்கு ஜலதோஷம், லேசான சூடு. வழக்கமாக இந்நேரம் நான் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பேன்.

“எண்ணிட்டியா?” என்று கேட்டார் அவர்.

“இருபத்தாறு.”

“ஐயையோ, அதிகமா?”

“ரெண்டரை வயசுக்கு அது சரிதான். நீங்க போய்ப் பாத்திரத்தக் கழுவுங்க.”

பயப்படவில்லை என்று எழுத மாட்டேன். கொஞ்சமாகப் பயந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

சிஸ்டர் இன்று பத்தில் நாலு பேருக்குத்தான் திரும்ப எண்ணினார். நான்கும் ஒத்துப்போயின. மேசைக்குத் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

மேடம் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நின்றபடியே பதிவேட்டைத் திறந்து, ‘வேகம்’ என்ற இடத்தில் எதையோ யோசித்து, ‘போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “ஹால் டிக்கெட்டுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ்ல கேளு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை நாள் இதற்காகவா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. பதிவேட்டைப் பையில் வைத்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்தேன்.

“கையெழுத்து வாங்கியாச்சுன்னு கிளம்பிடலாம்னு பாக்கறியா? பத்து மணிச் சுற்றுக்கு யார் போறது?” என்றார் சிஸ்டர்.

போனேன். நாலாம் படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர், நேற்று முன்தினம் குடல்வால் எடுத்தவர். “நல்லா இருக்கேன் சிஸ்டர்” என்றார். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தார். இருபத்தெட்டு. இன்னொரு நிமிடம் நின்று எண்ணினேன். இருபத்தெட்டு.

மேசைக்குப் போய்ச் சொன்னேன். சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். படுக்கைப் பக்கம் வருவார் என்று நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் போனை எடுத்தார்.

“நாலாம் பெட், டாக்டர். மூச்சு இருபத்தெட்டு. ஆமா, எண்ணினதுதான். வாங்க.”

நான் ஓட்டுநரின் தலைமாட்டை உயர்த்தப் போனேன்.