ஆணியில் தொங்கும் மெரூன் நைட்டி

டாக்டர் மகாதேவன் ரான்ச்,
ராக்ஸ்பிரிங்ஸ், டெக்சாஸ்.
அக்டோபர் 9

அன்புள்ள கண்மணிக்கு,

நஞ்சுண்டன் எழுதுவது. இங்கே நானும், நாலு காலிலும் இரண்டு காலிலும் நடக்கும் மற்ற ஜீவன்கள் அனைத்தும் சுகம். ஜெர்சி சிட்டியில் நீயும், நம் தாமரைச்செல்வியும், மாப்பிள்ளை இனியனும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று தாமரை சிரிப்பாள். சிரிக்கட்டும். சிக்னலுக்காகக் கேட் பக்கத்து மேட்டில் ஏறி நின்றால் பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடுகிறது. மீதிப் பாதிக்கு நீ போனைப் பாப்பா பக்கம் திருப்பிவிடுகிறாய். தாத்தாவைப் பாரு, தாத்தாவைப் பாரு என்கிறாய். அது கூரையைப் பார்க்கிறது. பின்னால் மாப்பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். இந்த லட்சணத்தில் கட்டின பெண்டாட்டியிடம் நான் என்னத்தைப் பேச? அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். டவுனுக்குத் தீவனம் வாங்கப் போகும்போது தபாலில் சேர்த்துவிடுவேன்.

இங்கத்திய பாடு எப்போதும்போலத்தான். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வேலியை ஒரு சுற்று. காட்டுப்பன்றி நோண்டிய ஓட்டை இருந்தால் கல்லைப் போட்டு அடைக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி. மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம். ராத்திரியும் அதே அரிசிம்பருப்பு சாதம். வேறு செய்யத் தெரியாதா என்று கேட்காதே, தெரியாது.

மகாதேவன் டாக்டருக்கு என்ன, ஃபிரிஸ்கோவில் இருதய ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டு, நினைத்தபோது வந்து தன் மான்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். நீங்கள் ரிட்டயர் ஆனவர்தானே, ஒரு வருஷம் மேனேஜ் பண்ணிக் கொடுங்கள் என்று அவர் என்னைக் கேட்டபோது, நம் சன்னிவேல் வீட்டை விட்டுவிட்டு இந்தக் காட்டுக்கு வரவே மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நீ. இப்போது பார், நீ இல்லாமல் ஒரு மிருகமும் என்னை மேனேஜராக மதிப்பதில்லை.

ஒட்டகம் சேனாபதி, எட்டிய சீமைக்கருவேலத்தை எல்லாம் மொட்டையடித்துவிட்டு, நீ வைத்த கறிவேப்பிலைச் செடிமேல் கண் வைத்திருக்கிறது. உன் மாமன் பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், பந்தியில் அவரும் இப்படித்தான். என் அக்கா காமாக்ஷியின் பெயரை நீ ஈமு கோழிக்கு வைத்தாயே, அதற்கு இது சரியாகப் போயிற்று. ஈமுப் பண்ணையில் பணத்தைப் போட்டு ஏமாந்த நம் பெருந்துறைப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. இதில் அக்கா பெயர் வேறு.

கவலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லட்டு. தாய் வேலிக்கம்பியில் மாட்டிச் செத்த பிறகு நீ புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்கவைத்த அந்தப் புள்ளிமான் குட்டி, நீ போன அன்றிலிருந்து என் கையால் குடிக்கமாட்டேன் என்றது. அதே வெள்ளாட்டுப் பால், அதே புட்டி, அதே சூடு. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிரிஞ்சில் ஊட்டினால் பாதி என் சட்டைக்கு. உன் தேங்காயெண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொண்டு போனேன், பலிக்கவில்லை. வாட்ஸப்பில் நீ அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினேன். ஏனுங்க, கேஸை ஆஃப் பண்ணீட்டீங்களா என்று நீ கேட்டதும் அது காதை நிமிர்த்தி எழுந்து நின்றது. நானும் எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அது போனை நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, அம்மிணி. நீ நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன உயிர்.

முந்தாநாள் அதைக் காணோம் என்று தேடினால், தீவனக் கொட்டகைக்குள் சுவரோரமாகப் படுத்திருக்கிறது. அதன் தலைக்கு மேலே ஆணியில் உன் மெரூன் பூப்போட்ட நைட்டி. தீவனம் வைக்கப் போகும்போதெல்லாம் நீ போட்டுக்கொள்வாயே, அதுதான். கிளம்புகிற அவசரத்தில் துவைக்காமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அப்புறம் நடந்ததை யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக மாப்பிள்ளையிடம். நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நீ செய்வதுபோலத் தோளில் ஒரு துண்டும் போட்டுக்கொண்டேன். இந்த மீசையோடு பார்க்கச் சகிக்கவில்லை. குந்தவைத்து உட்கார்ந்து புட்டியை நீட்டினேன். லட்டு என் முகத்தைப் பார்த்தது, நைட்டியைப் பார்த்தது, போனால் போகிறது என்று வாயை வைத்தது. ஒரே மூச்சில் புட்டி காலி. அந்த வால் ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். டிக்கெட் போட்டாயிற்றா என்று நான் கேட்கவில்லை. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன். பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
நைட்டி போட்ட மேனேஜர்,
நஞ்சுண்டன்


நவம்பர் 20

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கடிதம் வராவிட்டாலும் உன் சிரிப்பு வந்து சேர்ந்தது. அன்றைக்கென்று மேட்டில் சிக்னல் பிரமாதமாக இருந்தது. சிரித்து முடித்த பிறகு, அந்த அழுக்கு நைட்டியைத் துவைத்தாவது போடுங்கள் என்றாய். எப்படித் துவைப்பது? துவைத்தால் உன் வாசனை போய்விடும், லட்டு என்னைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே துவைக்கவில்லை. முழுக்க முழுக்கக் குட்டியின் நன்மைக்காகச் செய்கிற காரியம் இது.

போன சனிக்கிழமை என் மானம் கப்பலேறியது. மகாதேவன் டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஃபிரிஸ்கோவிலிருந்து இரண்டு வண்டி நிறையச் சொந்தம், ஒறம்பரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். நான் நைட்டியும் துண்டுமாகக் கொட்டகை வாசலில் குந்தியிருக்கிறேன். எழுந்து ஓடலாம் என்றால் புட்டி லட்டின் வாயில். டாக்டர் நேரே வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். தூக்கம் வருகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மெதுவாக விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் காமாக்ஷி மிரண்டு வேலியில் போய் முட்டிக்கொண்டது. வந்தவர்களில் ஒரு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்து, நல்ல காட்டன், ஈரோட்டில் எடுத்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்தக் கடை என்று உன்னைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

அவர்கள் கொண்டுவந்த புளியோதரையில் எனக்கு மூன்று வேளை ஓடியது. அரிசிம்பருப்பு சாதத்துக்கு லீவு.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நஞ்சுண்டன், இந்த அத்துவானத்துல தனி ஆளா இருக்கறது நல்லதில்ல. ஒண்ணு கண்மணிய வரச் சொல்லுங்க. இல்ல, நீங்க ஜெர்சிக்குக் கிளம்புங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளே யோசிக்க வேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தாமரை என்ன சொன்னாள் என்பது உனக்கும் தெரியும். “அப்பா, பாப்பாவ டேகேர்ல விட மனசே வரலப்பா. அம்மா இங்கயே இருந்துடட்டுமே?” நீ பக்கத்தில் பாப்பாவுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாய். மாட்டினதைக் கழற்றி மறுபடியும் மாட்டினாய். எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். நான் பெரிய தர்மப்பிரபு அல்லவா, “அதுக்கென்ன கண்ணு, தாராளமா இருக்கட்டும். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல” என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, தேங்க்ஸ் மாமா என்றார். நான் மேட்டிலிருந்து இறங்கி வந்து சேனாபதிக்குத் தண்ணீர் காட்டினேன்.

வேறு சேதி இல்லை. அங்கே பனி விழும் என்கிறார்கள். பாப்பாவை வெளியே கொண்டுபோகாதே. நீயும் காதை மூடிக்கொண்டு போ. உனக்குக் குளிர் ஆகாது.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்


ஜனவரி 4

அன்புள்ள கண்மணிக்கு,

புத்தாண்டு வாழ்த்தை எல்லோருக்கும் சேர்த்துப் போனிலேயே சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும். தாமரை படிக்கக் கேட்டால் கொடுக்காதே.

முதலில் ஒரு சேதி, உட்கார்ந்துகொண்டு படி. காமாக்ஷி ஆணாம். கொட்டகைக்குப் பின்னால் கரும்பச்சையாக முட்டைகள் கிடந்தன, அதன்மேல் காமாக்ஷி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அக்கா பிள்ளைத்தாய்ச்சியாகிவிட்டாள் என்று நான் பூரித்துப்போய் வெட்டினரி டாக்டரைக் கூப்பிட்டால், ஈமுவில் அடைகாப்பது ஆண்தான் என்கிறார். சோறு தண்ணீர் இல்லாமல் அசையாமல் உட்கார்ந்திருக்குமாம். கூட இருக்கும் இன்னொரு ஈமுதான் பெட்டையாம், அது முட்டையைப் போட்டுவிட்டு வேலியோரம் உலாத்தப் போய்விட்டது. நான் யாரையும் குத்திக்காட்டவில்லை.

இப்போது வந்த விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் நெருங்கிவிட்டது. நீயும் டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் மாப்பிள்ளையின் லேப்டாப்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னேனே, அது பொய், அம்மிணி. குறை இருக்கிறது. காலையில் காபி போடும்போதே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

தாமரை கேட்டதில் தப்பில்லை. பெற்ற குழந்தையை டேகேரில் விட எந்தத் தாய்க்கு மனசு வரும்? நீ அங்கேயே இருக்கத்தான் ஆசைப்படுகிறாய் என்றால் ஒரு வார்த்தை சொல், டாக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வந்துவிடுகிறேன். தாமரையின் இருபத்திரண்டாம் மாடி வீட்டுக்கு லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. சாயங்காலம் நீ இந்த நைட்டியோடு நடந்துகொண்டு, மக்காச்சோளத்தை வீசி, பா, பா என்று கோழியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவாய். வரிக்குதிரை, மான், ஈமு, ஒட்டகம் எல்லாம் உன் பின்னால் வரும். அப்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். வீடியோவில் பாப்பாவைக் கொஞ்சும்போதுகூட அந்த முகம் ஒரு நிமிஷத்துக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. நீ சாக்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினதைப் பார்த்தபோது, எனக்கு மட்டுமல்ல, உனக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தாமரையிடம் நானே பேசுகிறேன். அப்பாதான் கெட்டவன் என்று இருக்கட்டும். லீவு கிடைக்கும்போதெல்லாம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வரட்டும். மாப்பிள்ளைக்கு மேட்டில் ஒரு நாற்காலி போட்டுவிடுகிறேன். பேத்தி கூரையைப் பார்த்தது போதும், இங்கே வந்து ஒட்டகத்தைப் பார்க்கட்டும். தீர்க்காயுசாக, எதற்கும் பயப்படாத பெண்ணாக வளரட்டும்.

லட்டு பாலை மறந்துவிட்டது. இப்போது மந்தையோடு சேர்ந்து புல் மேய்கிறது. என்னைக் கண்டால் முன்பின் தெரியாதவனைப்போலப் பார்த்துவிட்டுப் போகிறது. இனி நைட்டி போடுகிற சோலி இல்லை. ஆனாலும் அது அதே ஆணியில்தான் தொங்குகிறது. இன்னும் துவைக்கவில்லை. குட்டியின் நன்மைக்காக என்று போன கடிதத்தில் எழுதினேன். இப்போது அப்படி எழுத முடியாது. சோப்பு இருக்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, வெயிலும் நன்றாகத்தான் அடிக்கிறது. எனக்குத்தான் கை வரவில்லை.

நீயே வந்து துவைத்துப் போடு.

உன்,
நஞ்சுண்டன்