அணைத்துவைத்த ஃப்ரீசர்

உப்பல், ஹைதராபாத்

அன்புள்ள மங்கைக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டினால் அணைத்துவைத்துத் துடைப்பேனே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் எடுபிடி வேலை பார்க்கும் ஆய்வகத்து ஃப்ரீசரிலும் காட்டினேன். அணைத்தவன் திரும்பப் போட மறந்துபோய் அறைக்கு வந்துவிட்டேன். உள்ளே ஆராய்ச்சி மாணவி ஸ்ரேயா மாதக்கணக்கில் பிரித்தெடுத்த புரதம் இருந்தது.

"புரதம் சங்கிலி மாதிரி அங்கிள். சரியான வடிவத்துல மடிஞ்சிருந்தாத்தான் செல்லுக்குள்ள அதோட வேலையைச் செய்யும். சூட்டுல குலைஞ்சுபோச்சு. வெந்த முட்டை திரும்பப் பச்சையாகுமா?"

பத்தாவது ஃபெயிலானவனுக்கும் அது புரிந்தது. அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. லீவு நாளில் மறுபடி செய்யப்போகிறாளாம். கூட இருந்து குழாய்களைக் கழுவித் தருகிறேன் என்றேன். "நக்கோ அங்கிள், வேணாம், ஊருக்குப் போங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

அதனால் பாப்பா காதுகுத்துக்கு வரமாட்டேன். மடியில் வைத்துக்கொள்ள உன் தம்பி இருக்கிறான். அப்பனுக்கு அங்கே என்ன வேலை?

பருப்புப்பொடி அனுப்பு. புட்டி உடையாமல் பாப்பாவுடைய பழைய சட்டையில் சுற்றி அனுப்பு.

காது குத்தும்போது போனை அவள் பக்கத்தில் பிடி. அழுதால் அழட்டும், வைத்துவிடாதே. ஸ்ரேயா கூப்பிடுகிறாள்.

உன்
கதிரேசன்