நாலு காம்பரா நீளத்தில் ஒரு பட்டறை

இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்டின் வாடை காலையிலிருந்து என் கையை விட்டுப் போகவில்லை. டிக்கோயாவில் ஒரு டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும், சோறு பிசையும்போது அதே வாடைதான். உனக்கு அது பிடிக்கும். "மல்லியப்பூவ விட இது ஒசத்திடி" என்று விரலை என் மூக்கருகில் நீட்டுவாய்.

உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

ஹட்டனில் வெல்டிங் பழகி முடித்தோமே, அந்த வகுப்பில் பெண்கள் என்றால் நீயும் நானும்தான். வேலை கேட்டு டவுன் பட்டறைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஒருவர் மட்டும் டீ ஊற்றிக் கொடுக்க ஆள் தேவை என்றார். திரும்பி வருகையில், பொகவந்தலாவை வளைவுகளில் பஸ் ஆட ஆட, நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம். ஒங்க லயத்துக்குப் பின்னாடி நாமளே கட்டுவோம்."

எங்களுடையது லயத்து வரிசையில் கடைசி வீடு, ஒற்றைக் காம்பரா. பின்னால் அம்மா கறிக்குக் கோவா நட்ட துண்டு நிலம். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தகரத்தை மறைவாகச் சாய்த்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். நீயோ நாலு காம்பரா நீளத்துக்குக் கயிறு பிடித்தாய். "ஒளிச்சுக் கட்டுனா திருட்டு மாதிரி இருக்கும். பெரிசாக் கட்டு, பிரிக்க வர்றவன் யோசிக்கட்டும்" என்றாய்.

அம்மா மறுபேச்சில்லாமல் கோவாவைப் பிடுங்கினாள். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, டவுனில் இடித்த கடையின் தகரத்தை ஏற்றினோம். பக்கத்துக் காம்பரா மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கொட்டகை? கல்யாண மண்டபமா?"

"ஆமாங்க மாமா. ஒங்க மகனுக்குப் பொண்ணு கெடைச்சா இங்கேயே வச்சுக்குவோம்" என்றாய் நீ.

அவர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்து, தேயிலைத் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார்.

"யாரக் கேட்டுக் கட்டுனீங்க? தோட்டத்து நெலம் இது."

"எங்க பாட்டன் காடா இருந்தத வெட்டித் தெறந்த மலைங்க ஐயா இது. அவரா கேட்டுட்டு வந்தாரு? நீங்கதான் கூட்டிட்டு வந்து வெட்டச் சொன்னீங்க" என்றாய்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்தபோதே, கூரையைக் கழற்ற நாலைந்து பேரை அனுப்பிவிட்டார். எல்லாம் நம் ஆட்கள். தகரத்தை நெம்புகிற அலவாங்கைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் வந்தவர் உன் சொந்தச் சித்தப்பா. நீ ஏணியில் ஏறித் தகரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாய். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழையும் பிடித்துக்கொண்டது.

"எறங்கு புள்ள. எங்க பொழப்பக் கெடுக்காத."

"ஒங்க வேலையப் பாருங்க சித்தப்பா. நான் குந்தியிருக்கிற தகரத்த மட்டும் கடைசியாக் கழட்டுங்க."

கொழுந்துக் கூடையோடு அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. கூடையை இறக்காமல் பட்டறையைச் சுற்றி நின்றார்கள். சித்தப்பா உன்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், அலவாங்கைக் கீழே போட்டார். "ஆணியெல்லாம் துருப்புடிச்சுப் போச்சுங்க ஐயா, அசைய மாட்டேங்குது" என்று கண்டாக்கையாவிடம் போய்ச் சொன்னார். முந்தின நாள் அடித்த ஆணி!

நம் முதல் வேலை, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் கேட். குழந்தைகள் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழாமலிருக்க, காசு வாங்காமல் நீயே செய்து மாட்டினாய்.

பிறகு உன் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் உனக்கு வாய் ஓயவில்லை. "என் படத்த மாட்டிப் பட்டறையக் கோயிலாக்கிறாத. பொகை புடிச்சு நாசமாப் போயிரும்" என்றாய். மாட்டவில்லை.

உன் கருமாதி முடிந்த கையோடு கண்டாக்கையா வந்தார். இந்த முறை குரலில் தேன்.

"அந்தப் புள்ளதான் பிடிவாதக்காரி. நீ அடக்கமான புள்ள. பாதியையாவது எறக்கிரு."

அடக்கமான பிள்ளையாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவள் என்பது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"எறக்க மாட்டோங்க ஐயா. எடம் பத்தல. இன்னும் ஒரு காம்பரா நீளம் இழுக்கப் போறோம்."

"போறோமா? இனி நீ ஒத்த ஆளுதானே?"

"இழுத்த பெறகு வந்து எண்ணிப் பாருங்க."

இழுத்துவிட்டேன். இப்போது மூன்று பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். மாமாவின் மருமகளும் அதில் ஒருத்தி.

பட்டறை விஷயமாக நாளைக்குத் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போவேன். நம் ஆட்கள் அந்த மேசைக்கு முன்னால் இத்தனை காலமும் கை கட்டி நின்றே பேசியிருக்கிறார்கள். நான் முதலில் உட்கார ஒரு நாற்காலி கேட்பேன். கொடுக்காவிட்டால், சுவரோரம் கிடக்கிறதை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் பேச ஆரம்பிப்பேன்.