தொண்டை சரியில்லாத சூ

அன்புள்ள மேங்-சின்னுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை லானும் அந்த ராட்டர்டாம் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஜியாயியில் நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சோறு இறங்குகிறது, முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. கீழ்வீட்டு ட்சாய் தன் வான்கோழிச் சோற்றுக் கடையை மகனிடம் விட்டுவிட்டார், அவன் வெங்காயத்தைக் கருக விடுகிறான், தெருவே புலம்புகிறது. உன் அம்மா படத்துக்கு முன்னால் இருக்கும் ஆர்க்கிட் மறுபடியும் மொட்டு விட்டிருக்கிறது. கொஞ்ச நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் கை வேலையாக இருக்கிறேன் என்று போனை வைத்துவிடுகிறேன் அல்லவா, அது பொய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

உன் அம்மா போன பிறகு நான் சுவரோடு பேசுகிறேன் என்று பயந்து, சனிக்கிழமை சாயங்காலம் கைப்பேசியில் கூடிப் பழைய நாவல்கள் படிக்கிற குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது நீதான். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவனுக்கு நூறு அத்தியாயத்துக்கு மேல் ஓடுகிற பெருங்கதை எதற்கு என்று முணுமுணுத்தேன், ஆனால் குழுவை நடத்தும் கோ டீச்சர் பொறுமைசாலி, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லுவார். அப்புறம் யென் என்று பெயருள்ள ஒரு அம்மாள், எங்கள் எல்லோருக்கும் யென் அம்மா. ஷிலுவோவில் சோயா சாஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. கதையில் பெரிய விருந்து ஒன்று வந்தது, எல்லோரும் ஆகா ஓகோ என்று வர்ணனையைப் புகழ்ந்துகொண்டிருந்தோம், அவர் மட்டும், "அதெல்லாம் சரி, இத்தனை பாத்திரத்தையும் கழுவினது யாரு? அவளப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கானா பாருங்க" என்றார். உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் சூ என்று ஒருவன் குழுவுக்கு வந்தான். காவ்சியுங் துறைமுகத்தில் வேலை பார்த்தவன், தொண்டையில் அறுவை நடந்ததால் பேச முடியாது, எழுதித்தான் அனுப்புவான், முகத்தையும் காட்ட மாட்டான். என்னை "தூ அண்ணே" என்பான். படித்து முடித்த பிறகு நாங்கள் இருவரும் தனியாக எழுதிக்கொள்வோம். குளியலறையில் வழுக்கி விழுந்ததை உன்னிடம் மறைத்தேன், அவனிடம் சொன்னேன். அந்த வாரமே உன்னிடமிருந்து வழுக்காத ரப்பர் விரிப்பு வந்தது, என் மகள் அங்கிருந்தபடியே என் மனசைப் படிக்கிறாள் என்று அவனிடமே பெருமை அடித்துக்கொண்டேன். அவனுக்குத் தொண்டை ஆறவேண்டும் என்று நகரக் கடவுள் கோயிலில் ஊதுவத்தி ஏற்றி நின்றேன் மேங்-சின், இல்லாத தொண்டைக்கு.

யென் அம்மாவைப் பற்றியும் அவனிடம்தான் சொன்னேன். கல்யாணம் கில்யாணம் எல்லாம் இல்லை, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள், அவ்வளவுதான், கேட்கலாமா என்றேன். அவன் எழுதினான், "வேணாம் அண்ணே. இந்த வயசுல ஊர் சிரிக்கும். பிள்ளைங்க வெளிய சொல்லாது, உள்ளுக்குள்ள உடைஞ்சுபோயிடும்." ஒத்த வயதுக்காரன், அவனும் மனைவியை இழந்தவன், அனுபவித்துச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். கோ டீச்சர் எல்லோரையும் நேரில் சந்திக்கத் தாய்னானுக்குக் கூப்பிட்டபோது யென் அம்மா எனக்கும் சேர்த்து ரயிலில் இடம் பிடிக்கட்டுமா என்று கேட்டார், முழங்கால் வலி என்று சொல்லிப் போகவில்லை. அதற்குப் பிறகு குழுவில் அவர் என்னிடம் நேராக எதுவும் பேசவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன், எப்போதும் மூடியிருக்கும் சூவின் மைக் திறந்துகொண்டது. "அம்மா, தாத்தா இன்னும் படிச்சு முடிக்கலையா? நீ எப்ப மறுபடி அம்மாவா ஆவ?" என்று ஒரு குரல். உடனே மூடிவிட்டாய். மற்றவர்கள் யார் வீட்டுக் குழந்தையோ என்று சிரித்தார்கள். அது என் பேத்தி லான். நான் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை வாசித்து முடித்தேன், எப்படி முடித்தேன் என்று கேட்காதே. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நீ முதலில் என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருப்பாய், அது எனக்குப் புரிகிறது, அதற்குக் கோபமில்லை. ஆனால் யென் அம்மா விஷயத்தில் நீ மகளாக வந்து, "அப்பா, அம்மா இருந்த இடத்துல இன்னொருத்தர் உக்கார்றத என்னால தாங்க முடியல" என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை உனக்காக விட்டும் கொடுத்திருப்பேன். நீ என் நண்பனுடைய வாயை வைத்துக்கொண்டு எனக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தாய். அது பெற்றவனுக்குச் செய்கிற காரியமா?

மறுநாள் பஸ் பிடித்து ஷிலுவோ போனேன். யென் அம்மா முள்ளங்கியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பொண்ணு பண்ணுனது தப்பு. ஆனா தூ சார், நீங்க சூகிட்ட கேட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. ரயில்ல அந்த சீட்டு காலியாவே வந்துச்சு தெரியுமா?" என்றார். மருமகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, தைச்சுங்கில் மகன் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார், பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் முள்ளங்கி கொடுத்தார், சனிக்கிழமை படிப்பை மட்டும் விடமாட்டேன் என்றார். அவ்வளவுதான் மிஞ்சியது.

குழுவில் நான் யாரிடமும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சூ ஐயா ஏன் வருவதில்லை என்று கோ டீச்சர் கேட்கிறார், நான் அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிடுகிறேன். நீ வருவதானால் உன் பெயரோடு வா, முகத்தைக் காட்டி வா, யென் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார். மகளை மன்னிக்க எனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து பழகிய வேலைதான், கொஞ்சம் நாள் ஆகும். ஆனால் சூவை என்ன செய்வது? என்ன வருத்தம் வந்தாலும் அவனிடம்தான் சொல்லிப் பழகிவிட்டேன். ஷிலுவோவிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில், இதையும் அவனிடம் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்து "தம்பி" என்று எழுதிவிட்டேன்.

குழந்தையைத் திட்டாதே, அது கேட்டது நியாயமான கேள்வி. அவள் நன்றாகப் படித்து நல்ல உடம்போடு வளரட்டும், நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழுங்கள். உன் அம்மாவின் திதி அடுத்த மாதம் வருகிறது, வர முடியுமா முடியாதா என்று நேராக எனக்கு எழுது.

உன் அப்பா,
தூ ஷெங்-தாவ்