நிரப்பும் முன் ஒட்டிய சீட்டு

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இத்தனை வருடமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்த முறை மட்டும் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் உள்ளே வரை பார்த்துச் சொன்ன பிறகு எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா என்று கேட்டால் நீயும் அதே மாதிரி பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு பேசிவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அங்கே மழையா வெயிலா என்று கேட்டு வைத்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். நான் ஏன் சொல்லணும், செஞ்சது நீங்க, உங்க கையாலேயே எழுதுங்க என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆகவே முழுவதும் படி, நடுவில் போனை எடுக்காதே.

மூன்று மாதத்துக்கு முன்பு சுகாதார நிலையத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சின்ன டப்பா வந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு எல்லாம் அனுப்புகிறார்களாம். உள்ளே ஒரு குச்சி. அதில் துளி மலத்தைத் தொட்டு மூடி, மேலே பெயரும் பிறந்த தேதியும் எழுதி அனுப்ப வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்ச்சீட்டு என்றால் இந்த வீட்டில் யார் வேலை என்று உனக்குத் தெரியும். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டியதற்கு, பூனை கொஞ்சம் அசையாமல் நின்றால் அப்பா அதன் மேலும் ஒட்டிவிடுவார் என்று கேலி செய்தவள்தானே நீ. முப்பத்தொரு வருடமாக உதிரி பாகக் கிடங்கு பார்க்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் சொல்வது ஒன்றுதான், முதலில் நிரப்பு, மூடு, பிறகு சீட்டு ஒட்டு. காலிப் பெட்டியில் சீட்டு ஒட்டியவனை எத்தனை முறை வறுத்தெடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், அன்றைக்கு வேலை சுருக்காக முடியட்டுமே என்று, முந்தின நாளே இரண்டு காலி டப்பாவிலும் அழகாகச் சீட்டு ஒட்டிக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டேன். காலையில் கண்ணாடி போடாமல் போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். மிச்சமிருந்ததை அம்மாவும் பெயரைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். என் சரக்கு அவள் பெயரில் போய்ச் சேர்ந்தது.

முடிவு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் போதும். அம்மாவுக்கு ரத்தம் இருக்கிறது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், உடனே வரவும். அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானோ அதற்கு முன்பே நாலைந்து மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை மலத்தில் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு, தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளைப் பார்த்ததும், அன்று காலை எந்த டப்பாவை எடுத்தேன் என்று யோசித்தேன், அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும் நான் வாயைத் திறக்கவில்லை, மகளே. ஒன்பது நாள். பயம்தான், வேறு ஒன்றுமில்லை. சொன்னால் அந்தத் தாள் என்னுடையதாகிவிடுமே என்ற பயம். அந்த ஒன்பது நாளும் உன் அம்மா அலமாரிகளை ஒழுங்குபடுத்தினாள். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், போர்வைகள் எங்கே இருக்கின்றன, மாத்திரை எந்த டிராயரில் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டிக் கற்றுக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கேமரா வைப்பதற்கு முந்தின நாள் உப்புக் கரைத்த மருந்துத் தண்ணீர் நாலு லிட்டர் குடிக்க வேண்டும், குடலைக் கழுவ. மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதும் குடித்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடித்து, எனக்கு ஏதாவது ஆனாலும் நீங்க அவகிட்ட போன்ல அழுதுடாதீங்க, தூரத்துல இருக்கா, தாங்கமாட்டா என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் கிடங்கு பாத்த மனுஷன், ரெண்டே ரெண்டு டப்பா, அதுல குளறுபடியா என்று அவள் கேட்டது மாடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஓடி வந்த நர்ஸ் விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல், அப்படின்னா இன்னைக்கு வேண்டாமா என்று கேட்டாள். நாலு லிட்டர் குடிச்சிருக்கேன், அது வீணாப் போகணுமா, பாத்துட்டே போறேன் என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் குடல் சுத்தம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் நான் நாலு லிட்டர் குடித்தபோது எதிரே உட்கார்ந்து, இன்னும் ஒரு டம்ளர் பாக்கி, இன்னும் ஒரு டம்ளர் பாக்கி என்று மிகவும் சந்தோஷமாகப் பேசினாள்.

என் குடலில் காம்போடு கூடிய காளான் மாதிரி ஒரு சதை வளர்ந்திருந்தது, திராட்சை அளவு. கேமரா வழியாகவே அறுத்து எடுத்துவிட்டார்கள், வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. பரிசோதனை முடிவு வர பத்து நாள் ஆனது. அதன் நுனியில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது, காம்புக்கு இறங்கவில்லை, எடுத்த இடம் சுத்தம் என்றார் டாக்டர். மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம், சொல்கிற தேதியில் வந்து மறுபடி பார்த்தால் போதும். இதை இன்னும் சில வருடம் சூடு என்றே விட்டிருந்தால் நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம் என்றும் சொன்னார். கொஞ்சம் அழு, பரவாயில்லை, நாங்களும் அழுதோம், பிறகு ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கு இரண்டு காப்பி குடித்தோம்.

அங்கேயே குடல் பாக்டீரியாக்களை ஆராயும் ஒரு பெண் இருக்கிறாள், உன் வயதுதான், நான் அவளைக் கிருமிக்காரி என்றுதான் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்வதில்லை. அந்தச் சதையில் ஒரு துண்டும், வாய் கொப்பளித்த தண்ணீரும் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டாள். கீழே வந்த வியாதிக்கு மேலே வாயை ஏன் கேட்கிறாய் என்றேன். ஈறில் குடியிருக்கிற ஒருவகை பாக்டீரியாவைக் குடல் புற்றுக் கட்டிக்குள்ளேயும் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறார்களாம். அது தீ வைத்ததா, யாரோ வைத்த தீயில் குளிர்காய வந்ததா என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை, ஆனால் வந்த பிறகு விறகு அள்ளிப் போடுகிறது என்பதற்கு அடையாளம் இருக்கிறது என்றாள். இன்னொரு வகை ஒரு நஞ்சைச் சுரந்து குடல் செல்லின் மரபணு இழையையே சேதப்படுத்துமாம். அந்தச் சேதத்தின் தழும்பு இளம் வயதிலேயே நோய் வந்தவர்களிடம் அதிகமாகத் தெரிகிறதாம், சிறு பிராயத்திலேயே பட்ட தழும்போ என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, பழைய ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் இருக்கிறது, மொத்தத்தையும் கொன்றுவிடுகிறேன் என்றேன். அவள் பதறிப்போய், கிடங்கில் ஒருவன் திருடினால் எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டாள். உள்ளே இருப்பதில் பெரும்பாலானவை நமக்கு உழைப்பவை. கீரை, காய், பயறு, தீட்டாத தானியம் இவற்றின் நாரைத் தின்று, குடல் சுவருக்குத் தேவையான சத்தை அவைதான் தயாரிக்கின்றனவாம். உழைப்பவனுக்குச் சோறு போடுங்கள் அப்பா என்றாள். பத்து வருடமாக ஈறில் ரத்தம் வருகிறதே என்று பல் டாக்டரிடமும் போனேன். பல்லைப் பார்த்தால் புற்று வராது என்று யாரும் சொல்ல முடியாது, பல்லுக்காகப் பாருங்கள் என்று கிருமிக்காரியே சொல்லிவிட்டாள். முன்பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், இனி விசிலடிக்க வராது, அம்மாவுக்கு விடுதலை.

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஆறு மாதத்துக்கு முன்பு நீ போனில் பேத்தியின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில் ஒன்று சொன்னாய். அப்பா, அடிக்கடி ரத்தம் போகுது, வயிறும் சரியில்லை, டாக்டர்கிட்ட போகட்டுமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன். சூடும்மா, நல்லாத் தண்ணி குடி, காரத்தைக் குறை, உக்காந்தே வேலை செய்யாதே என்றேன். எனக்கு நான் சொன்ன பொய்யை அப்படியே உனக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, வாயாடி ஒரு விஷயத்தில் மட்டும் வாய் மூடினால் எனக்குத் தெரியாதா. என் டாக்டரிடம் கேட்டேன். முப்பத்தாறு வயதில் பெரும்பாலும் மூல நோயாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது, அதுவும் அப்பாவுக்கு இப்படி வந்திருக்கும்போது கண்டிப்பாக இப்போதே பார்க்க வேண்டும் என்றார். என் பரிசோதனைத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. இந்த வாரமே போ. வேலை, கூட்டம், பேத்திக்குப் பரீட்சை என்றெல்லாம் சொல்லாதே. மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல், ஒரு நாள் லீவு போட்டுக் கூட வரட்டும். நாலு லிட்டரைக் குளிர வைத்துக் குடி, ஸ்ட்ரா போட்டால் கொஞ்சம் சுலபம், இது அம்மாவின் யோசனை.

நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், உன் மகளுக்கு மகள் பிறந்து அவள் உன்னை எதிர்த்துப் பேசுவதை நீ கேட்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். திறந்து பார்க்காமலேயே உன் மேல் நான் ஒட்டிய சூடு என்ற சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. கிடங்கிலிருந்து ஒரு புதுச் சீட்டு எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டு வந்து நீ எழுது.

இப்படிக்கு,
அவசரப்பட்டு ஒட்டிய உன் அப்பா